குழந்தை பிறந்த பின் முடி கொட்டுகிறது, காலையில் நேரமும் இல்லை: எதைச் செய்வது, எதை விடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 31, பெண் குழந்தைக்கு ஐந்தரை மாதம். 26 வார விடுப்பு முடிந்து வங்கி வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்கிறார் மாமியார். ராத்திரியே எண்ணெய் வைத்து ஊறவிட்டு விடியற்காலையில் குளி என்கிறார் அம்மா. அலுவலகத்தில் ஒருவர் சின்ன வெங்காயச் சாறு சொல்கிறார், இன்னொருவர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. செவ்வாயும் வெள்ளியும் 4 மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்துப் பார்த்திருக்கிறார், அப்படியும் 8:10 பஸ்ஸை இரண்டு தடவை விட்டாயிற்று. "எதைச் செய்ய, எதை விட? அதற்கெல்லாம் நேரத்தை எங்கிருந்து எடுக்க?"

நான் தோல் மருத்துவர். திண்டுக்கல் பக்கம் 18 வருடமாகப் பார்க்கிறேன். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டிய முடியை ஒரு கேரி பேக்கில் சுருட்டிக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் முதலில் சொல்கிறேன்: இந்த முடி திரும்ப வரும். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டிப் பழைய அடர்த்திக்கு வந்துவிடும்.

உங்கள் மாமியார் கவனித்தது சரிதான், காரணம் மட்டும் வேறு. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டாவது, மூன்றாவது மாதத்தில். முடி கொட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான், நாலாவது மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மீதி ஓய்வில் இருந்து மூன்று மாதம் கழித்து உதிரும். சாதாரண நாளிலேயே 50 முதல் 100 வரை கொட்டுவது இதனால்தான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருப்பதால் ஓய்வுக்குப் போக வேண்டிய முடியும் போகாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஏழாம் மாதத்தில் உங்கள் பின்னல் கனமாக இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். பிரசவம் ஆனதும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்க, காத்திருந்த முடியெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழுகிறது. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்தவர்களுக்கும், பட்டினி கிடந்து எடை குறைத்தவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது இதே வழியில்தான். கொட்டுவதற்கு முந்தின வாரம் எந்த ஷாம்பு போட்டோம் என்று யோசிப்பதைவிட, மூன்று மாதத்துக்கு முன்னால் உடம்பு என்ன பட்டது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

"வேரோடு வந்துவிட்டது டாக்டர்" என்று அழுகிறவர்களிடம் ஒரு முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்வேன். நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் தெரியும். அதைத்தான் வேர் என்று பயப்படுகிறார்கள். அது ஓய்வு முடித்த முடியின் அடிமுனை, அவ்வளவுதான். முளைக்கிற குழி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அப்படியே கண்ணாடி முன்னால் நின்று நெற்றி ஓரத்தைப் பாருங்கள். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் நீளத்தில் படியாமல் குத்திட்டு நிற்கும் குட்டை முடி இருந்தால் அது புதிதாக வருவது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் வளரும், அதனால் பின்னலில் வித்தியாசம் தெரிய நாளாகும்.

அதற்கு மேல் போவதற்கு முன் ஒரு விஷயம், இதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிறேன். கொட்டுகிற முடி உங்களைவிடக் குழந்தைக்குத்தான் ஆபத்து. சில வருடம் முன்னால் மூன்று மாதக் குழந்தை ஒன்று விடாமல் அழுகிறது என்று கொண்டுவந்தார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று ஒருவரிடம் எடுத்துப் பார்த்தும் அழுகை நிற்கவில்லை. சாக்ஸைக் கழற்றினால் இடது காலின் மூன்றாவது விரல் மட்டும் சிவந்து வீங்கி, அடியில் நூல் கட்டியதுபோல ஒரு பள்ளம். அம்மாவின் நீள முடி ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தோலுக்குள் புதைந்திருந்ததை லென்ஸ் வைத்துத்தான் எடுக்க முடிந்தது, விரல் பிழைத்தது. அதனால் தினமும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கை விரல், கால் விரல், பெண் குழந்தையானாலும் ஆண் குழந்தையானாலும் பிறப்புறுப்பு, எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சாக்ஸையும் கையுறையையும் உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். அரை நிமிடம் ஆகும். முடி சுற்றி விரல் வீங்கியிருந்தால் வீட்டில் நோண்டிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, எண்ணெய். அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் கொஞ்சம் இறங்கும், குளிக்கும்போது முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைக்கும். 2003ல் வந்த ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் இந்தக் குணம் இருப்பதாகக் காட்டியது. அதைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு, அது உள்ளே போவதில் ஆச்சரியம் இல்லை. ஆக எண்ணெய் உடைவதைக் குறைக்கும், சிடுக்கைக் குறைக்கும். வேரில் போய் புது முடியை முளைக்க வைக்காது, உங்களுக்கு இப்போது கொட்டுவதையும் நிறுத்தாது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டுக் காய்ச்சினாலும் முடி முளைக்கிற விஷயத்தில் என் பதில் இதுதான்.

பொடுகு இருந்தால் எண்ணெய் இன்னும் கெடுதல். தலை காய்ந்துபோனதால் பொடுகு என்று நினைத்து எண்ணெயை அப்புகிறார்கள். பொடுகு வருவது மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையால், அதற்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. அதற்கு கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரத்துக்கு இரண்டு தடவை. நுரைத்த உடனே கழுவிவிடாமல் ஐந்து நிமிடம் தலையில் இருக்கட்டும். குழந்தைக்குப் பால் கொடுப்பதால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

வெங்காயச் சாறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2002ல் ஈராக்கில் 38 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது, அது புழுவெட்டுக்கு, உங்களுக்கு இருக்கும் பிரச்சினைக்கு இல்லை. புழுவெட்டில் புழுவும் இல்லை, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடிக்குழியைத் தாக்குவதால் வட்டமாக வழுக்கை விழுகிறது, பலருக்கு அது தானாகவே முளைத்தும் விடும். சாறு தடவித் தோல் வெந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்றம் போக மறுபடி இரண்டு தடவை ஷாம்பு போட வேண்டும், அந்த நேரம் வேறு. விட்டுவிடுங்கள்.

பயோட்டின் குறைபாடு மிக அரிது, நம் சாப்பாட்டிலேயே போதுமானது கிடைக்கிறது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டும், இதய நோய்க்கான ட்ரோபோனின் பரிசோதனையையும் குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017ல் எச்சரித்தது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு பார்க்க வேண்டியவர் நீங்கள், அதனால் உங்களுக்கு இது முக்கியம்.

வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பதும் இல்லை. 1928லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் சவரம் செய்த முடியை அளந்து பார்த்து, வேகமோ தடிமனோ மாறவில்லை என்று எழுதிவிட்டார். வெட்டின முனை மொட்டையாக இருப்பதால் தடவும்போது கரடாகத் தெரிகிறது. குழந்தைக்குக் குலதெய்வத்துக்கு மொட்டை போடுவது நேர்த்திக்கடன் என்றால் தாராளமாகப் போடுங்கள், பிளேடு புதிதாக இருக்கட்டும். நன்றாக முளைக்க வேண்டும் என்று இரண்டாவது, மூன்றாவது மொட்டை போட வேண்டாம். ஆனால் உங்கள் முடியை முதுகின் பாதி வரை வெட்டிக்கொண்டால் காயும் நேரம் பாதியாகும், குழந்தை கையில் சிக்குவதும் குறையும். வெட்டச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் காரணம் இதுதான், உங்களுக்கு மனசு வந்தால் செய்யுங்கள்.

இன்னொரு பயம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நேரப் பிரச்சினையின் சாவி இதில்தான் இருக்கிறது. சாயங்காலம் தலைக்குக் குளித்தால் சளி பிடிக்கும், அது பால் வழியாகக் குழந்தைக்கும் போகும் என்று வீட்டில் தடுப்பார்கள். சளி வைரஸால் வருவது. கை வழியாக, மூச்சு வழியாக, குழந்தையைக் கொஞ்ச வரும் சொந்தக்காரர்கள் வழியாக வருகிறது. ஈரத்தலையால் பால் குளிர்ந்துபோவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் மாலை 7 மணிக்குத் தலைக்குக் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஃபேனுக்குக் கீழே காயவிட்டால் ஒன்றும் ஆகாது. சாம்பிராணி வேண்டாம், கைக்குழந்தை இருக்கும் அறையில் அந்தப் புகை நல்லதில்லை.

இப்போது உங்கள் காலை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே கணக்குப் போட்டேன். ராத்திரி எண்ணெய் வைத்ததால் காலையில் அதை எடுக்க இரண்டு தடவை சீயக்காயோ ஷாம்போ, குளியல் 25 நிமிடம். துவட்டி, சிடுக்கு எடுக்க 15. காயாததால் மறுபடி மறுபடி கோதிவிட்டுக்கொண்டே சமையல், கடைசியில் ஈரத்தோடு பின்னல். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அதுவும் நாளிலேயே நேரம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில். இதற்காக 4 மணிக்கு எழுகிறீர்கள், ஆனால் நள்ளிரவு 2 மணிக்குப் பால் கொடுக்க ஒரு தடவை எழுந்தவர் நீங்கள். அந்தத் தூக்கம் போனால் உடம்பு தேறாது, உடம்பு தேறாமல் முடி தேறாது. அதிகாலையில் எழுந்தால் எல்லாம் நடந்துவிடும் என்ற பேச்சு, ராத்திரி முழுக்கத் தூங்கக் கிடைத்தவர்களுக்குப் பொருந்தும். மற்றபடி ஈர முடி ரப்பர் போல இழுபட்டு எளிதில் அறுந்துவிடும், அதை அவசரத்தில் இழுத்துச் சீவும்போது உதிர்வதோடு உடைவதும் சேர்ந்துகொள்கிறது. தினம் நூறு தடவை சீவினால் ரத்த ஓட்டம் கூடி வளரும் என்பதும் அப்படித்தான், உடைகிறதே தவிர வளர்வதில்லை.

நான் சொல்வது இது. தலைக்குக் குளிப்பது வாரத்துக்கு இரண்டு தடவை போதும். செவ்வாயை விட்டுவிட்டு ஞாயிறுக்கு மாற்றுங்கள், எண்ணெய்க் குளியல் அன்றைக்கு மட்டும். ஞாயிறு மாவு அரைப்பீர்கள்தானே, உளுந்தைக் கிரைண்டரில் போட்டதும் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முடியின் நீளத்துக்குத் தடவிக் கொண்டை போடுங்கள். உளுந்து பொங்கி வந்து, அரிசியும் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், எண்ணெய்க்கு அது போதும். ராத்திரி முழுக்க ஊறுவதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், உங்கள் தூக்கத்தையும் காலையையும் கொடுத்து வாங்கும் அளவுக்கு இல்லை. மாவைக் கரைத்த கையோடு குளியல். அந்த ஒரு மணி நேரமும் குழந்தை அப்பாவிடம் இருக்கட்டும். இதைக் கேட்கத் தயங்காதீர்கள், உங்கள் கணவரிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லாமல் "ஞாயிறு 9 மணியில இருந்து 10:30 வரைக்கும் பாப்பா உங்க பொறுப்பு" என்று நேரத்தோடு சொல்லுங்கள். பொதுவாகச் சொன்ன உதவி கரைந்துபோகும், மணி சொன்னது நிற்கும்.

வெள்ளி உங்கள் வீட்டில் பூஜை நாள், அன்று தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், எண்ணெய் மட்டும் வேண்டாம். எண்ணெய் இல்லாத தலைக்கு ஷாம்பு ஒரு தடவை, அதுவும் தலைத் தோலுக்கு மட்டும், நுரை வழிந்து இறங்குவதே நீளத்துக்குப் போதும். நுனிக்குக் கண்டிஷனர், அகலப் பல் சீப்பு. 12 நிமிடத்தில் முடியும். டிரையர் இருந்தால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், மிதமான சூட்டில். கட்டாயம் இல்லையென்றால் வியாழன் மாலைக்கு மாற்றிவிடுங்கள், காலையில் காய்ந்த தலையோடு எழுவது எவ்வளவு நிம்மதி என்று ஒரு வாரத்தில் தெரியும்.

மற்ற நாள்களில் முடிக்குக் காலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ராத்திரி படுக்கும் முன் சிடுக்கு எடுத்துத் தளர்வாகப் பின்னிவிட்டால் காலையில் சிடுக்கே இருக்காது. சீப்பு, கிளிப், ரப்பர் பேண்ட் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் எழுதிப் பார்க்கச் சொன்னபோது, என்னிடம் வந்த ஒரு டீச்சர் தினமும் ஆறு ஏழு நிமிடம் கிளிப்பும் பஸ் பாஸும் தேடுவதிலேயே போகிறது என்று எழுதி வந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே ஜடை என்று முடிவு செய்துவிட்டால் கண்ணாடி முன் யோசிப்பதும் மிச்சம். நெற்றி இழுபடும் அளவுக்கு இறுக்கமாக வேண்டாம், வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் ஓர முடி நிரந்தரமாகவே போய்விடும்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். லண்டனில் 96 பேரைக் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பாக இல்லை. அதனால் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு ஞாயிறு தவறினால், அடுத்த ஞாயிறு உளுந்து ஊறப்போடும்போது தொடருங்கள்.

இப்படி மிச்சமாகும் நேரத்தை எங்கே போடுவது என்பதில்தான் எனக்கு அக்கறை. சாப்பாட்டில் போடுங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், அப்புறம் பச்சை உடம்பு என்று பத்தியம் வைத்துக் கீரையையும் பழத்தையும் நிறுத்தியிருப்பார்கள். காலை டிபன் நின்றுகொண்டே இரண்டு வாய், கூடவே டீ. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முட்டை, முருங்கைக்கீரை, சுண்டல், ஈரல் சாப்பிடுவீர்கள் என்றால் ஈரல், கூடவே ஒரு எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ. அரசுத் திட்டப்படி இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பாதிப் பேர் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், உங்கள் அலமாரியில் மிச்சம் இருக்கும், தேதி பார்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்று காலை என்றால் இன்னொன்று இரவு.

மினாக்சிடில் என்று யாராவது சொன்னால், பால் கொடுக்கும் வரை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். அது வழுக்கைக்கு நல்ல மருந்து, பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போகும். தானாக நிற்கப்போகும் உதிர்வுக்கு அது தேவையில்லை.

வகிடு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலையில் புண்ணோ வலியோ இருந்தாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். கொட்டுவது குழந்தையின் முதல் பிறந்தநாள் தாண்டியும் நிற்காவிட்டாலும் அப்படித்தான். அதற்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கானது) மூன்றும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டி இருப்பவர்கள் நிறைய, அதனால் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பிரசவமான முதல் வருடத்தில் தைராய்டு தடுமாறுவதும் சகஜம். படபடப்பு, எடை ஏறுவது இறங்குவது, காரணமில்லாத அசதி இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயோட்டின் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டுப் போங்கள்.